தகர ஷெட் பட்டறைக்கு உள்சுவர் என்ன போடலாம்? பிளைவுட்டா, ஜிப்சமா, ஷீட்டா?

ஷெட்டுக்காரன்:

வணக்கம் எல்லாருக்கும். சொந்தமா ஒரு பட்டறை போட்டிருக்கேன், 40க்கு 30 அடி, இரும்பு ஃப்ரேம், வெளிய கலர் கோட்டிங் ஷீட், கூரையும் அதே ஷீட்தான், கீழ கான்கிரீட் தரை. சுவர் உயரம் 14 அடி. உள்ள இருந்து பார்த்தா ஷீட்டோட முதுகும் அதைத் தாங்கி குறுக்க ஓடுற இரும்புச் சட்டமும் (இசட் பர்லின்) அப்படியே தெரியுது, பர்லினுக்கு பர்லின் 5 அடி இடைவெளி. இப்போதைக்கு இன்சுலேஷன் எதுவும் இல்ல. பகல்ல உள்ள நிக்க முடியல, மழை வந்தா பக்கத்துல நிக்கிற ஆள் பேசுறது கேக்காது, விடியக்காலைல வந்து கதவைத் தொறந்தா கூரையில இருந்து லேத் மேல சொட்டு சொட்டா தண்ணி விழுந்திருக்கு. ஓட்டை இருக்கான்னு மேல ஏறி ஒவ்வொரு ஸ்க்ரூவா பார்த்தாச்சு, மழையே இல்லாத நாள்லயும் விழுது.

உள்ள நடக்கிற வேலை கலவைதான். ஒரு பக்கம் வெல்டிங், கிரைண்டிங். இன்னொரு பக்கம் கொஞ்சம் மரவேலை. நடுவுல லேத், டிரில்லிங் மெஷின், கம்ப்ரசர். ஒரு மூலையில சின்னதா ரூம் தடுத்து அதுல மட்டும் ஏசி போடலாம்னு இருக்கேன், அளவு கருவி எல்லாம் வைக்க. மத்த இடம் ஃபேன்தான்.

இப்ப உள்சுவர் அடிக்கணும். பிளைவுட் அடிச்சா எங்க வேணா ஸ்க்ரூ போட்டு டூல்ஸ் மாட்டலாம்னு ஒருத்தர் சொல்றார், ஜிப்சம் போர்டு அடிச்சா பார்க்க வீடு மாதிரி வரும்னு இன்னொருத்தர், தெரிஞ்ச காண்ட்ராக்டர் ஒருத்தர் எதுவும் யோசிக்காத, ஷீட் முதுகுலயே ஃபோம் ஸ்ப்ரே அடிச்சு விட்டுடலாம், சுவரே வேணாம்னு சொல்றார். வேற ஒருத்தர் சில்வர் பபிள் ஷீட் ஒட்டினா போதும்ங்கறார். எதை நம்புறதுன்னு தெரியல. ஒரு தடவை அடிச்சுட்டா திரும்ப கழட்ட மனசு வராது, அதனால முன்னாடியே கேட்டுக்கறேன். செஞ்சு பார்த்தவங்க விவரமா சொல்லுங்க.


பழைய ஃபிட்டர்:

தம்பி, போர்டு எதுங்கற கேள்வியை கொஞ்சம் தள்ளி வைங்க. முதல்ல அந்த விடியக்காலை தண்ணி. அதை தீர்க்காம மேல எதை அடிச்சாலும் அந்தத் தண்ணியை மூடி மறைச்சு வைக்கிறதுதான் நடக்கும், கண்ணுல படாம ஷீட்டும் பர்லினும் உள்ளுக்குள்ள துரு ஏறும், பிளைவுட் முதுகு கருத்துப் போகும், தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

அது ஓட்டையில இருந்து வர்ற தண்ணி இல்ல, தகரம் வேர்க்குது. குளிர்ந்த தண்ணி ஊத்தின டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்குற மாதிரிதான். உள்ள இருக்கிற காத்து 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம்னு வெச்சுக்கோங்க, அந்தக் காத்து 25 டிகிரிக்குக் கீழ இருக்கிற எந்தப் பரப்பைத் தொட்டாலும் தண்ணியை விட்டுடும். வானம் தெளிஞ்ச ராத்திரியில கூரை ஷீட் சூட்டை மேல நோக்கி விட்டுட்டு சுத்தி இருக்கிற காத்தை விடவே கீழ குளிர்ந்துடும், அதனால வெயில் கொளுத்துற ஊர்லயும் விடியக்காலைல தகரம் வேர்க்கும். சுவரை விட கூரைல இது அதிகம், ஏன்னா கூரைதான் வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு.

இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, ஈரக் காத்து ஷீட்டோட முதுகைத் தொடவே கூடாது. அதுக்குத்தான் குளோஸ்டு செல் ஃபோம் ஸ்ப்ரே, அதாவது ஒவ்வொரு குமிழும் மூடியே இருக்கிற நுரை, ஷீட்டோட ஒட்டிக்கிட்டு இடையில காத்துக்கு இடமே குடுக்காது. இன்னொண்ணு, தொட்டாலும் உடனே காஞ்சுடணும். அதுக்கு ஷீட்டுக்கும் இன்சுலேஷனுக்கும் நடுவுல ஒரு இஞ்ச் இடைவெளி விட்டு, கீழயும் மேலயும் காத்து போக வர வழி வைக்கணும், அந்த வழியில கம்பி வலை போடணும், இல்லன்னா எலி குடி வந்துடும். இது ரெண்டும் இல்லாம கிளாஸ் வுல்லை, அதான் கண்ணாடி இழைப் பஞ்சை, நேரா தகரத்து முதுகுல திணிச்சு மேல போர்டு அடிக்கிறாங்க பாருங்க, அதுதான் மோசம். வுல்லுக்குள்ள காத்து தாராளமா போகும், தகரத்தைத் தொட்டு தண்ணியாகும், வுல் அதை உறிஞ்சி வெச்சுக்கும். நனைஞ்ச வுல் சூட்டைத் தடுக்காது, தொங்கிப் போய் அடியில மூட்டையா கிடக்கும்.

அப்புறம் தரை புதுசா? கான்கிரீட் காய்றதுக்கு ஒரு இஞ்சுக்கு ஒரு மாசம்னு தோராயமா ஒரு கணக்கு சொல்லுவாங்க. 4 இஞ்ச் தரைன்னா அவ்வளவு மாசமும் அதுல இருந்து ஈரம் வந்துக்கிட்டே இருக்கும். தரைக்குக் கீழ பாலிதீன் ஷீட் விரிச்சுதான் கான்கிரீட் போட்டாங்களா? இதையும் சொல்லுங்க. கேஸ் ஹீட்டர், கேஸ் டார்ச் எல்லாம் மூடின ஷெட்டுக்குள்ள நிறைய எரிப்பீங்களா? ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா 1.6 கிலோ தண்ணி ஆவியா வெளிய வரும், புகையை மட்டும்தான் எல்லாரும் பார்க்குறாங்க.

கூரை உச்சியில வென்ட் இருக்கா? இல்லன்னா சுவர் அடிக்கிறதுக்கு முன்னாடி அதைப் போடுங்க.


ஷெட்டுக்காரன்:

ரொம்ப நன்றி அண்ணே, வேர்க்குதுன்னு இப்பதான் புரியுது. தரைக்குக் கீழ பாலிதீன் போட்டுத்தான் கான்கிரீட் போட்டாங்க, போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கேஸ் அதிகம் இல்ல, எப்பவாவது கட்டிங் டார்ச். உச்சியில வென்ட் இல்ல, ரெண்டு பக்க முக்கோணச் சுவர்லயும் லூவர் மட்டும் இருக்கு. அப்ப ஃபோம் ஸ்ப்ரேதான் சரியா? காண்ட்ராக்டர் சொன்னபடி அடிச்சுட்டு அப்படியே விட்டுடலாமா?


வெல்டிங் தம்பி:

விடக்கூடாது ப்ரோ, தயவு செஞ்சு விடக்கூடாது. நீங்க வெல்டிங் பண்றேன்னு சொல்லிட்டீங்க, அதனால இதை அழுத்திச் சொல்றேன்.

ஃபோம்னா பாலியூரித்தேன், அது எரியும். தீ தடுப்பு கலந்ததுன்னு சொல்லி விப்பாங்க, அது சின்ன நெருப்புக்கு மட்டும்தான் தாக்குப் பிடிக்கும், ஒரு தடவை நல்லா பத்திக்கிச்சுன்னா சுவர் முழுக்க ஓடும், புகை கருப்பா விஷமா வரும், கதவு எந்தப் பக்கம்னே தெரியாது. அதனாலதான் பல நாட்டுக் கட்டட விதிகள்ல ஃபோமை உள்பக்கம் திறந்து விடக்கூடாது, குறைஞ்சது 12.5 மில்லி ஜிப்சம் போர்டோ அதுக்கு சமமா வேற எதாவதோ போட்டு மூடணும்னு இருக்கு. ஜிப்சம்ல எடைக்கு 21 சதவீதம் தண்ணி உள்ளயே கட்டுண்டு இருக்கு, சூடு ஏற ஏற அந்தத் தண்ணி ஆவியாகிப் போற வரைக்கும் பின்னாடி இருக்கிறதுக்கு சூடு போகாது, அந்த நேரத்துல நீங்க வெளிய ஓடிடலாம். தெர்மாகோலுக்கும் இதே கதைதான், அது இன்னும் மோசம், சூடு பட்டா உருகி எரிஞ்சுக்கிட்டே சொட்டும்.

கிரைண்டர் பொறி எவ்வளவு தூரம் போகும்னு நினைக்கிறீங்க? வெல்டிங் பாதுகாப்பு விதியில சுத்தி 35 அடிக்கு எரியுற பொருள் இருக்கக்கூடாது, இருந்தா மூடி வைக்கணும்னு சொல்லியிருக்கு. உங்க ஷெட்டே 30 அடி அகலம், அப்ப எந்த மூலையில நின்னு கிரைண்டிங் பண்ணாலும் எதிர்ச்சுவர் வரைக்கும் அந்தக் கணக்குல வந்துடுது. பொறி பறந்து சுவர்ல பட்டு அணையுறது பிரச்சனையே இல்ல, போர்டுக்கும் போர்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துல, கீழ தரையோரம் விட்ட இடைவெளியில போய் உக்காந்துக்கிட்டு மெதுவா கனியும் பாருங்க, அதுதான். மரத்தூளும் அதே ஷெட்ல. நீங்க கடையைச் சாத்திட்டுப் போன பிறகு பத்தும். வெல்டிங் முடிச்ச பிறகு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் ஆள் இருந்து பார்க்கணும்ங்கறது இதுக்குத்தான்.

என்னோட கருத்து, வெல்டிங் பக்கத்துச் சுவர்ல ஃபோமே வேணாம். ராக்வுல் போடுங்க, கல்லை உருக்கி இழையாக்கின பஞ்சு, அது 1000 டிகிரி வரைக்கும் உருகாது, கிளாஸ் வுல் அதுக்கு ரொம்ப முன்னாடியே தளர்ந்துடும். மேல சிமெண்ட் போர்டு, இல்ல ஜிஐ ஷீட். மரவேலை பக்கம் பிளைவுட் போட்டுக்கோங்க. நாலு சுவரும் ஒரே மாதிரி இருக்கணும்னு யாரு சொன்னா?


பழைய ஃபிட்டர்:

தம்பி சொல்றது அத்தனையும் சரி. கூரைக்கு ஃபோம், அதுக்கு மேல தீ தடுக்கிற பூச்சோ போர்டோ, சுவருக்கு இடைவெளி விட்டு ராக்வுல், இப்படிப் பிரிச்சுக்கலாம். பூச்சுன்னா ஃபோமுக்குன்னே சோதிச்சு சான்று வாங்கினதா இருக்கணும், சாதா பெயிண்ட்டை அடிச்சுட்டு தீ தடுப்புன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. ஃபோம் அடிக்கிறதுக்கு முன்னாடி ஷீட்ல ஒரு சின்ன ஒழுகல் கூட இருக்கக்கூடாது, அடிச்ச பிறகு தண்ணி எங்க உள்ள போகுது எங்க வெளிய வருதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. நாளைக்கு ஒரு ஷீட்டை மாத்தணும்னாலும் ஃபோமோட பிச்சுதான் எடுக்கணும்.

சில்வர் பபிள் ஷீட் பத்தி கேட்டீங்க. அந்தப் பளபளப்பு வேலை செய்யணும்னா அதுக்கு முன்னாடி காத்து இடைவெளி இருக்கணும். தகரத்துலயே ஒட்டி, மறுபக்கம் போர்டையும் ஒட்டி அடிச்சா அது வெறும் 4 மில்லி பிளாஸ்டிக்தான், வேற ஒண்ணுமில்ல. இடைவெளி விட்டு, இணைப்பெல்லாம் டேப் போட்டு அடிச்சா கூரைச் சூட்டை நல்லாவே திருப்பி விடும். தூசி படிஞ்சா அதுவும் குறையும்.


தச்சுவேலை:

நான் ஃப்ரேம் பத்தி மட்டும் சொல்றேன், இங்கதான் நிறைய பேர் தடுமாறுறாங்க.

உங்க பர்லின் 5 அடிக்கு ஒண்ணு. போர்டு 8க்கு 4. நிறுத்தி வெச்சு அடிச்சாலும் படுக்க வெச்சு அடிச்சாலும் ஓரம் பர்லின் மேல வந்து உக்காராது. அதனால பர்லின்ல நேரா போர்டு அடிக்கிற யோசனையை விட்டுடுங்க, செங்குத்தா 2 அடிக்கு ஒரு பைப் நிறுத்துங்க. சீலிங்குக்கு போடுற மெல்லிசு ஜிஐ சேனல் 5 அடி தூரத்துக்கு தாங்காது, கையால அமுக்கினாலே உள்ள போகும், அது மேல வைஸ் மாட்டுறது ஷெல்ஃப் மாட்டுறது எல்லாம் நடக்காது. 40க்கு 40 சதுர பைப், 2 மில்லி கனம், இல்ல நல்ல ஜிஐ ஸ்டட். அது தரையில நிக்கட்டும், கீழ ஒரு சேனலை கான்கிரீட்ல ஆங்கர் போல்ட் போட்டுப் பிடிச்சு அதுக்குள்ள நிறுத்துங்க, பர்லின்ல சாயாம இருக்க மட்டும் ஒரு கிளீட் (சின்ன இரும்புத் துண்டு) வெச்சுப் பிடிங்க. எடை எல்லாம் தரைக்குப் போயிடும். பர்லினைக் கணக்கு பண்ணவங்க காத்து அழுத்தத்துக்குத்தான் பண்ணியிருப்பாங்க, உங்க பிளைவுட்டும் டூல்ஸும் அந்தக் கணக்குல இல்ல. 12 மில்லி பிளைவுட் சதுர மீட்டருக்கு 7, 8 கிலோ வரும், 12.5 மில்லி ஜிப்சம் 8, 9 கிலோ, சுவருக்குப் பரவாயில்ல, ஆனா கூரைக்கு அடியில சீலிங் மாதிரி அடிக்கணும்னா ஷெட் டிசைன் பண்ணவங்ககிட்ட எவ்வளவு எடை கூட்டலாம்னு எழுதி வாங்காம தொடாதீங்க.

பைப்புக்கும் பர்லினுக்கும் நடுவுல ஒரு ரப்பர் பட்டையோ பிளைவுட் துண்டோ வைங்க. இரும்பு மரத்தை விட பல நூறு மடங்கு சூட்டைக் கடத்தும், இரும்போட இரும்பு தொட்டுக்கிட்டு இருந்தா இன்சுலேஷன் எவ்வளவு போட்டாலும் அந்தக் கோடு வழியா சூடு உள்ள வந்துக்கிட்டே இருக்கும்.

அடுத்து ஸ்க்ரூ. பிளைவுட்டை இரும்புல அடிக்க சாதா செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ போட்டா என்ன ஆகும் தெரியுமா, நுனி இரும்பைத் துளைச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே மரை பிளைவுட்ல ஏறி இறங்கிடும், இரும்பைத் துளைக்கிற வரைக்கும் ஸ்க்ரூ பிளைவுட்டை பைப்பை விட்டு மேல தூக்கிடும், நடுவுல ஒரு சந்து விழும், எவ்வளவு முறுக்கினாலும் அது இறங்காது. இதுக்குன்னே நுனிக்கு மேல ரெண்டு சின்ன இறக்கை வெச்ச ஸ்க்ரூ வருது. இறக்கை மரத்துல ஓட்டையை அகலமா சீவிக்கிட்டே போகும், இரும்பைத் தொட்டதும் ரெண்டும் உடைஞ்சு விழுந்துடும், அப்புறம் மரை இரும்புல மட்டும் பிடிக்கும், போர்டு பைப்போட ஒட்டிக்கும். ஓட்டும்போது சட்டுனு ஒரு சத்தம் வரும், அது இறக்கை உடையுற சத்தம், கொஞ்சம் பழகிட்டா அதைக் கேட்டே அழுத்தத்தை மாத்திக்கலாம். டிரில்லை முழு வேகத்துல விடாதீங்க, நுனி கருகிப் போய் ஒரே இடத்துல சுத்திக்கிட்டு நிக்கும். ஓரத்துல 6 இஞ்சுக்கு ஒண்ணு, நடுவுல 12 இஞ்சுக்கு ஒண்ணு போதும்.

போர்டுக்கும் போர்டுக்கும் 3 மில்லி விடுங்க. 10 மீட்டர் இரும்பு 30 டிகிரி சூடு ஏறினா மூணரை மில்லி நீளும். இந்த ஷெட் காலைல இருந்து மதியம் வரைக்கும் நீண்டுக்கிட்டும் சுருங்கிக்கிட்டும்தான் இருக்கும், காத்தடிச்சா லேசா ஆடவும் செய்யும். ஜிப்சம் அடிச்சு ஜாயிண்ட்டை பூசி மொழுகி வீடு மாதிரி வழவழன்னு பண்ணா அந்த ஜாயிண்ட் அத்தனையும் விரிசல் விடும். அதனால வேலை செய்யுற இடத்துல ஜிப்சம் மேல் பரப்பா வேணாம்ங்கறது என் கருத்து, ஒரு பைப் நுனி இடிச்சாலே ஓட்டை விழும் வேற. தீக்காக ஜிப்சம் போட்டா அது மேல பிளைவுட்டோ ஷீட்டோ ஒரு அடுக்கு போடுங்க.

கீழ தரையைத் தொடாம நிறுத்துங்க, குறைஞ்சது ரெண்டு இஞ்ச். தரை கழுவுற தண்ணி பிளைவுட் ஓரத்துல ஏறவே கூடாது. கரையான் பத்தியும் யோசிக்கணும், இடைவெளி இருந்தா அது மண்பாதை கட்டிக்கிட்டு மேல ஏறுறது கண்ணுக்குத் தெரியும், தரையோட ஒட்டி அடிச்சுட்டா முதுகுப் பக்கமா ஏறி உள்ளயே சாப்பிடும், நமக்குத் தெரியாது. அந்த ரெண்டு இஞ்சை சிமெண்ட் போர்டு பட்டை வெச்சு ஸ்க்ரூ போட்டு மூடிடுங்க, வெல்டிங் தம்பி சொன்ன பொறியும் உள்ள போகாது, அப்பப்ப கழட்டியும் பார்க்கலாம். பிளைவுட் வாட்டர்ப்ரூஃப் கிரேடு எடுங்க, வெட்டின ஓரம், முதுகு ரெண்டுக்கும் பிரைமர் அடிச்ச பிறகுதான் மாட்டணும். முன்பக்கத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சா போர்டு வளைஞ்சுக்கும்.


நீலத்தகரம்:

பிளைவுட்டே எதுக்கு நண்பா? நான் உள்ளயும் ஷீட்டே அடிச்சேன், வெள்ளைக் கலர், மெல்லிசு கேஜ். கரையான் இல்ல, தீ இல்ல, பெயிண்ட் வேலை இல்ல, தண்ணி அடிச்சு கழுவலாம், வெளிச்சம் பிரமாதமா இருக்கு, ஒரு லைட் போட்டா ரெண்டு லைட் போட்ட மாதிரி. எடையும் கம்மி, 0.4 மில்லி ஷீட் சதுர மீட்டருக்கு 3 கிலோ சொச்சம்தான். வேகமா முடிஞ்சுடும், ஜாயிண்ட் மேல ஜாயிண்ட் ஏத்தி அடிச்சுக்கிட்டே போக வேண்டியதுதான்.

ஒண்ணே ஒண்ணு, ஷீட்டை கட்டிங் வீல் போட்டு வெட்டாதீங்க. சூடான இரும்புத்தூள் ஷீட் மேல பரவி ஒட்டிக்கும், கொஞ்ச நாள்ல வெள்ளைச் சுவர் பூரா பழுப்புப் புள்ளியா துரு தெரியும், வெட்டின ஓரத்துல ஜிங்க் கோட்டிங்கும் கருகிடும். கத்தரியோ நிப்ளரோதான்.


தச்சுவேலை:

வெளிச்சம், தீ எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா சத்தம்? எதிரெதிரா ரெண்டு தகரச் சுவர் நடுவுல கிரைண்டர் ஓடினா அந்தச் சத்தம் அங்கயும் இங்கயும் மோதிக்கிட்டே இருக்கும், காது வலிக்கும். ஆளுங்க நாள் முழுக்க அங்க நிக்கணும். அதுவும் போக ஷீட்ல நினைச்ச இடத்துல ஒரு ஹூக் மாட்ட முடியாது, பின்னாடி பைப் எங்க இருக்குன்னு தேடணும். டூல்ஸ் எடுத்து மாட்டி எடுத்து மாட்டி வேலை செய்யுற சுவர்னா பிளைவுட்தான், இதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல.


நீலத்தகரம்:

சத்தத்துக்கு ஓட்டை போட்ட ஷீட் வருது, பின்னாடி ராக்வுல் 50 மில்லி வெச்சு அடிச்சா நல்லாவே உறிஞ்சும். வுல் தூள் வெளிய வராம நடுவுல ஒரு மெல்லிசு துணி விரிக்கணும். எல்லா இடத்துக்கும் வேணாம், கம்ப்ரசருக்கு எதிர்ச்சுவர், கிரைண்டிங் எதிர்ச்சுவர் மேல்பாதி, அவ்வளவுதான். டூல்ஸ் சுவர் பிளைவுட்னு நீங்க சொல்றதை ஏத்துக்கறேன், 8 அடி வரைக்கும் பிளைவுட், அதுக்கு மேல ஷீட்னு பிரிச்சுக்கலாம். கையே எட்டாத உயரத்துல பிளைவுட் வீண்தான்.


வயரிங்:

யாரும் கரண்டு பத்தி பேசல, அதனால வந்தேன். சார், சுவர் அடிச்ச பிறகு வயரிங்னு வெச்சுக்கோங்க, சுவருக்குப் பின்னாடி வேணாம். சுவர் முன்பக்கத்து மேலயே கண்டூட் பைப் (வயர் போற குழாய்) ஓட்டுங்க. பட்டறையில மெஷின் இடம் மாறிக்கிட்டே இருக்கும், பிளக் பாயிண்ட்டும் கூட மாறணும். பின்னாடி விட்டா எந்த ஸ்க்ரூ எந்த வயர்ல ஏறுச்சுன்னு தெரியாது, தகர ஷெட்ல அது சாதாரண விஷயம் இல்ல, சுவர் முழுக்க கரண்டு ஏறும்.

இன்சுலேஷனுக்குள்ள புதைஞ்ச கேபிள் சூடு ஆறாது. சுத்தி முழுக்க இன்சுலேஷன் மூடினா அதே கேபிள் பாதி ஆம்பியர்தான் தாங்கும்னு கணக்கு எடுக்கணும். பிவிசி வயர் தெர்மாகோலைத் தொட்டுக்கிட்டே இருந்தா வயர்ல இருக்கிற எண்ணெய்ப்பசை மாதிரி ஒண்ணு தெர்மாகோலுக்கு இறங்கி, வயர் தோல் விறைச்சுப் போய் வெடிக்கும், இது நிறைய பேருக்குத் தெரியாது. இரும்பு பைப்பைத் துளைச்சு வயர் போற எந்த ஓட்டைக்கும் கிரோமெட், அதாவது ஓட்டை ஓரத்துல மாட்டுற ரப்பர் வளையம், கட்டாயம். ஷெட் ஃப்ரேம், உள்சுவர் பைப், உள் ஷீட் எல்லாத்தையும் எர்த்தோட இணைக்கணும், கரண்டு கசிஞ்சா தானா அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடணும். ஷீட்டுக்கு ஷீட் ஸ்க்ரூ இருக்கே, தானா இணைஞ்சுடும்னு நினைக்காதீங்க, நடுவுல கலர் கோட்டிங் இருக்கு. மீட்டர் வெச்சுப் பாருங்க.


ஷெட்டுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரமா வரும்னு எதிர்பார்க்கல, நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். இப்ப நான் புரிஞ்சுக்கிட்டது, உச்சி வென்ட் முதல்ல, அப்புறம் கூரைக்கு ஃபோமும் மேல பூச்சும், சுவருக்கு ஒரு இஞ்ச் இடைவெளி விட்டு ராக்வுல், சதுர பைப் தரையில நிறுத்தி அடிக்கிறது. மரவேலை, லேத் பக்கம் 8 அடி வரைக்கும் 12 மில்லி பிளைவுட், அதுக்கு மேல வெள்ளை ஷீட். வெல்டிங் பக்கம் கீழ இருந்து சிமெண்ட் போர்டு. ஜிப்சம் வேணாம்.

ரெண்டு சந்தேகம் பாக்கி. அந்த ஏசி ரூம் சுவருக்கு உள்பக்கம் பாலிதீன் ஷீட் விரிச்சு மேல போர்டு அடிக்கச் சொல்றாங்க, ஈரம் வராதுன்னு. அது சரியா? அடுத்து ஷீட் மடிப்புல கீழயும் மேலயும் அலை அலையா ஓட்டை தெரியுது, காத்து போகட்டும்னு விட்டுடலாமா?


பழைய ஃபிட்டர்:

பாலிதீன் உள்பக்கம் போடச் சொல்றது குளிர் நாட்டு வழக்கம் தம்பி. அங்க உள்ள சூடு, வெளிய குளிர், ஈரம் உள்ள இருந்து வெளிய போகப் பார்க்கும், அதனால உள்பக்கம் தடுப்பாங்க. உங்க ஏசி ரூம்ல எல்லாமே தலைகீழ். வெளிய இருக்கிற சூடான ஈரக் காத்து சுவருக்குள்ள புகுந்து ஏசியால குளிர்ந்த போர்டை நோக்கி வரும், உள்பக்கம் பாலிதீன் இருந்தா அதோட முதுகுல வந்து தண்ணியா நிக்கும், போர்டு ஓரம் நனையும். இங்க தடுப்பு வெளிப்பக்கம் இருக்கணும், அதாவது பட்டறையைப் பார்த்த பக்கம். அந்த ரூமை ஷெட் சுவரோட ஒட்டாம தள்ளி நிறுத்தி பஃப் பேனல்ல (ரெண்டு தகரத்துக்கு நடுவுல ஃபோம் வெச்ச பலகை) தனிப் பெட்டியா கட்டிடுங்க, பேனலோட வெளித்தகரமே ஈரத்தைத் தடுக்கும், ஜாயிண்ட்டுக்கு சீலண்ட் போட்டா போதும். பேனலுக்குள்ளயும் ஃபோம்தான், வெட்டின ஓரம் எதுவும் திறந்து கிடக்கக்கூடாது, யூ சேனல் மாட்டி மூடணும், வெல்டிங் மூலைக்கு எதிர் மூலையில வைங்க. ராக்வுல் வெச்ச பேனல் கிடைச்சா இன்னும் நிம்மதி. ரூம் கதவுக்கு அடியில ரப்பர் சீல், அப்புறம் ஏசி தண்ணி பைப் சுவருக்கு வெளிய வரைக்கும் போகணும், பைப் மேல இன்சுலேஷன் சுத்தணும்.

அலை ஓட்டையை அப்படியே விடாதீங்க. இடைவெளிக்கு காத்து வேணும்னு சொன்னேன்தான், ஆனா மழைச்சாரலும் எலியும் அதே ஓட்டை வழியா வரும். ஷீட் மடிப்பு அச்சுலயே ஃபோம் பட்டை விப்பாங்க, கீழ பூரா அதை வெச்சு அடைச்சுட்டு, காத்துக்கு 4 அடிக்கு ஒரு இடத்துல மட்டும் பட்டையை விட்டுட்டு அங்க துருப்பிடிக்காத கம்பி வலை வைங்க, கண்ணு கால் இஞ்சுக்கு மேல போகக் கூடாது. பெருசா இருந்தா குட்டி எலி நுழைஞ்சுடும். மேல் பக்கமும் இப்படியே. அந்தக் காத்து கூரைக்குள்ள போய் மாட்டிக்காம உச்சி வென்ட் வரைக்கும் போக வழி இருக்கான்னு ராக்வுல் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஊதுவத்தி கொளுத்தி கீழ காட்டிப் பாருங்க, புகை எங்க போகுதுன்னு தெரிஞ்சுடும்.


வெல்டிங் தம்பி:

சிமெண்ட் போர்டு வெட்டும்போது மாஸ்க் போடுங்க ப்ரோ, சாதா துணி மாஸ்க் பத்தாது. அதுல சிலிக்கா இருக்கு, கட்டிங் வீல் போட்டா வர்ற தூள் நுரையீரல்ல போய் உக்காந்தா வெளிய வராது. கோடு கீறி உடைக்கிற முறையில வெட்டுங்க, தூளே கம்மி, 8 மில்லி போர்டு சுத்தமா உடையும். வெட்ட வேண்டியதை ஷெட்டுக்கு வெளிய வெச்சு வெட்டுங்க.

வெல்டிங் பக்கம் சிமெண்ட் போர்டு 8 அடியோட நிறுத்தாதீங்க, அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் மேல வரைக்கும் கொண்டு போங்க, இல்ல 8 அடிக்கு மேல ஷீட் அடிச்சு சேர்ற இடத்துல ஒரு இசட் ஃப்ளாஷிங், அதாவது இசட் மாதிரி மடிச்ச தகரப் பட்டை, வைங்க, மேல் ஷீட் கீழ்போர்டு மேல ஏறி உக்காரணும். திறந்த விளிம்பு விட்டா பொறி, தூசி ரெண்டும் அந்த வரப்புல உக்காந்து உள்ள இறங்கும். ஃப்ளாஷிங் கொஞ்சம் சரிவா இருந்தா இன்னும் நல்லது, தட்டையா இருந்தா ஆளுங்க அது மேல எண்ணெய்த்துணி வைப்பாங்க.


ஷெட்டுக்காரன்:

சரி ப்ரோ, சரிவாவே மடிச்சு வாங்கிடறேன். உச்சி வென்ட் வேலை முதல்ல ஆரம்பிக்கிறேன், அது முடிஞ்சதும் கூரை வேர்க்குறது எவ்வளவு குறையுதுன்னு கொஞ்ச நாள் பார்த்துட்டு ஃபோம் எத்தனை இஞ்ச்னு கேக்க இங்கயே வர்றேன்.